ஞாயிற்றுக்கிழமை வராத வாரண்டி

மே 14, வியாழன்

இன்று நான் என் மனைவி றெஜினாவை வென்றேன். எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

கட்டிலும் அடுப்பும் உள்ள பழைய காம்பர் வண்டி ஒன்றைப் போன கிழமை வாங்கினோம். காசு கட்டி மேலதிக வாரண்டியும் எடுப்பதா என்று இன்றைக்குக் கடையில் சொல்ல வேண்டும்.

"எடுங்கோப்பா. உங்கட அதிட்டத்துக்கு வண்டி பக்கத்து ஊர் பகேரியாவையே தாண்டாது," என்றாள். அவளுடைய தங்கையும் எடுத்தாளாம். அந்தத் தங்கை வீடு கூட்டும் தும்புத்தடிக்கும் வாரண்டி கேட்பவள்.

எஞ்சினைப் பற்றிப் பெரிய கேள்விகளைப் பாடமாக்கிக்கொண்டு றெஜினாவோடு கடைக்குப் போனேன். விற்பனையாளரின் கோட்டு சூட்டைக் கண்டதும் எல்லாம் மறந்துபோயிற்று. வாயில் வந்ததைக் கேட்டேன்: "ஞாயிற்றுக்கிழமை வழியில் நின்றால் ஆள் அனுப்புவீர்களா?"

"ஞாயிறு விடுமுறை, சிஞ்ஞோரே. திங்கள் காலை வருவார்கள்."

றெஜினா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கிழமை முழுக்க நாங்கள் சிஞ்ஞோராக்கள் என்கிற இந்த ஊர் முதலாளி அம்மாக்களின் வீடுகளைத் துடைக்கிறோம். பூசை முடிந்து ஊர் சுற்றக் கிடைப்பது ஞாயிறு மட்டும்தான்.

"அப்படியென்றால் வேண்டாம்," என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

"நடுவழியில் நின்றால் என்ன செய்வீர்கள்?" என்று அவர் சிரித்தார்.

"சமைச்சுச் சாப்பிட்டிட்டுப் படுப்பம்," என்றாள் றெஜினா. "வீடு எங்களோடதானே வருது!"

வெளியே வந்ததும், "நீங்கள் கேட்டது நல்ல கேள்வியப்பா," என்றாள். நாங்கள் இருக்கும் கால்சா வரைக்கும் என் கால் நிலத்தில் படவில்லை.

இப்போது தங்கையோடு போனில் கதைக்கிறாள். அந்தக் கேள்வியைத் தானே கேட்டதாகச் சொல்கிறாள். பரவாயில்லை. ஞாயிறு முதல் ஓட்டம், ஊர் எல்லையில் இருக்கிற சியாகுல்லி வரைக்கும்தான். அந்தக் கொஞ்சத் தூரத்துக்கு வண்டியில் ஒரு மூட்டை அரிசி ஏற்றியிருக்கிறாள்.