அத்தைக்கு நான் கொடுத்த வாடகை

3 ஜூலை 2023, திங்கள்

பெல்லந்தூர் ஆபீஸிலிருந்து ஈஜிபுரா வீட்டுக்கு வர இன்று பெங்களூர் டிராஃபிக்கில் ஒரு மணி நாற்பது நிமிடம். பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்க முடியும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஷ்ரேயா, "அம்மா, நாளைக்கு சார்ட் பேப்பர் வேணும்" என்றாள். அவள் அப்பா சஞ்சய் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "என் சார்ஜரைப் பாத்தியா?" என்றான். அத்தை சமையலறையிலிருந்து, "டேங்கர்காரனுக்குப் போன் போடும்மா, தண்ணி தீர்ந்துட்சி" என்றார். வீட்டில் நான்கு பேர். கூப்பிடுவதற்கு ஆள் ஒன்று.

மதியம் ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரன் டென்சில் ஒரு படம் காட்டினான். கோகர்ணாவில் ஒரு ஹோட்டல். கட்டிலில் படுத்தால் ஜன்னல் முழுக்கக் கடல். "காசு குடுத்து ரூம் போடறவன் முட்டாள், பிரபா. நான் அஞ்சு வருஷமா கிரெடிட் கார்டு பாயின்ட்லயே சுத்தறேன்" என்றான். நான்கு இரவுக்கு அறுபதாயிரம் பாயின்ட். டிசம்பருக்குள் என் கார்டில் ஆறு லட்சம் செலவு காட்டினால், வழக்கமான பாயின்ட்டும் போனஸும் சேர்ந்து அறுபதாயிரம் வந்துவிடுமாம்.

யாரோடு போகப் போகிறாய் என்றான். குடும்பத்தோடு என்றேன். பொய். தனியாகப் போக வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு நான்கு நாள் தூங்க வேண்டும். இதை இந்த நோட்டில் மட்டும்தான் எழுத முடியும்.

8 ஜூலை, சனி

ஆறு லட்சத்துக்கு நான் எங்கே போவேன் என்றதற்கு டென்சில் வழி சொன்னான். வீட்டு வாடகையைக் கார்டில் கட்ட ஒரு ஆப் இருக்கிறது. நாங்கள் இருப்பது சொந்த வீடு என்றேன். "வீடு யார் பேர்ல?" அத்தை பெயரில். காலமான மாமா ரயில்வேயில் இருந்தபோது கட்டிய வீடு. "அப்புறம் என்ன? மாமியார்தான் உன் ஹவுஸ் ஓனர்" என்று சிரித்தான்.

மாதம் அறுபதாயிரம் என் கார்டிலிருந்து அத்தையின் கணக்குக்கு வாடகையாகப் போகும். அதை அங்கிருந்து எடுத்து என் கணக்கில் போட்டு, கார்டு பில்லைக் கட்டிவிடலாம். ஆப்காரனுக்கு ஒவ்வொரு முறையும் எழுநூற்று எட்டு ரூபாய் கமிஷன். அத்தையின் கணக்கை நான்தான் பார்க்கிறேன். பேங்கிலிருந்து ஓடிபி வரும் அவருடைய சிம் பழைய போனில், என் மேஜை டிராயரில் கிடக்கிறது. பென்ஷன் பணத்தை மாதாமாதம் எடுத்துக் கையில் கொடுப்பதும் நான்தான்.

அத்தையிடம் சொல்லவில்லை. சொன்னால் விளக்க வேண்டும். விளக்கத் தெம்பில்லை.

11 ஜூலை, செவ்வாய்

போட்டேன். வந்தது. எடுத்தேன். ஆட்டைத் தூக்கி மாட்டில் போட்டு, மாட்டைத் தூக்கி ஆட்டில் போட்டாயிற்று. 2,400 பாயின்ட்.

5 ஆகஸ்ட், சனி

வாடகை மட்டும் போதாது. அதனால் இப்போது ஆபீஸில் யார் எதை வாங்கினாலும் என் கார்டு. நேற்று டீம் லஞ்சுக்குப் பதினோரு பேர் பில்லை நான் கட்டினேன். "பிரபா மேடத்துக்குத் தாராள மனசு" என்றாள் ரக்ஷிதா. பிறகு ஒவ்வொருவர் மேஜையாகப் போய், "அந்த நானூத்தி முப்பது..." என்று இழுத்துக்கொண்டு நின்றேன். தாராளம் தெரிந்திருக்கும்.

எங்கள் டீம் யுவனுக்கு வாஷிங் மெஷின் வாங்க வேண்டுமாம். என் கார்டிலேயே வாங்கு என்று நானே வலியப் போய்ச் சொன்னேன். முப்பத்திரண்டாயிரம். சம்பளம் வந்ததும் தருகிறேன் என்றான்.

2 செப்டம்பர், சனி

யுவன் பாதிதான் தந்தான். தங்கைக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டி வந்ததாம். பில் தேதி தாண்டிவிட்டது. வட்டியும் அபராதமும் இரண்டாயிரத்துச் சொச்சம். யுவனைக் கேட்கலாம்தான். காலையில் லிஃப்டில் பார்த்தேன், அவன் போனைப் பார்த்தான், நான் மாடி எண்ணைப் பார்த்தேன்.

இரவு ஷ்ரேயாவுக்குக் கதை சொல்லும்போது அவளுக்கு முன் நான் தூங்கிவிட்டேனாம்.

14 அக்டோபர், சனி

நான்கு லட்சத்து முப்பதாயிரம் ஆகிவிட்டது. சலுகை இருக்கிறதென்று எண்ணெய் இல்லாமல் பொரிக்கும் மெஷின் ஒன்று வாங்கினேன். அத்தை அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல இன்னா பண்றது?" என்றார். சும்மா வந்தது என்றேன். இப்போது பொய் தடங்கலில்லாமல் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கொஞ்சம் படுத்தால் போதும், இத்தனையும் வேண்டாம். ஆனால் எந்த ஞாயிற்றுக்கிழமை?

7 நவம்பர், செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நவம்பரில் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதாக பேங்கில் போய்ச் சொல்ல வேண்டும். எப்போதும் சஞ்சய் கூட்டிப்போவான். இன்று அவனுக்கு மீட்டிங். அத்தை தானே ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். கையோடு பாஸ்புக்கையும் எடுத்துப்போய் என்ட்ரி போட்டிருக்கிறார். கவுன்டரில் இருக்கும் மமதா, அத்தையைப் பல வருடமாகத் தெரிந்தவள், "பாடிகெ சென்னாகி பர்த்திதெயல்லா அம்மா" என்றிருக்கிறாள். வாடகை நன்றாக வருகிறதே என்று. அறுபது வயசும் இந்த ஊரிலேயே கழித்த அத்தைக்குக் கன்னடமும் தமிழைப் போல்தான்.

நான் வந்தபோது அத்தை நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். பாஸ்புக் மடியில்.

"யார்மா வாடகை குடுக்கறதுன்னு கேட்டேன். உன் பேரைப் படிச்சா. வரிசைல நம்ம தெருக்காரங்க நாலு பேரு இருந்தாங்க. மருமக கிட்ட வாடகை வாங்கற கெழவி ஆயிட்டேன்."

கார்டு, பாயின்ட், போனஸ் என்று என்னென்னவோ சொன்னேன். எனக்கே புரியவில்லை. ஒரு பைசாவும் குறையவில்லை அத்தை, எல்லாம் அப்படியே இருக்கு என்றேன்.

"குறைஞ்சுதான்னு நான் கேட்டனா?" என்றார்.

சஞ்சய், "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றான். எப்பச் சொல்றது? நீ எப்ப அந்தத் திரையை விட்டு நிமிர்ந்த? கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம், கேட்டதும் நல்லதுதான். தெரியவில்லை.

8 நவம்பர், புதன்

காலையில் எங்கள் அறைக் கதவு தட்டும் சத்தம். திறந்தால் அத்தை, கையில் மடித்த துணி. பன்னிரண்டு வருடமாக இந்தக் கதவை அவர் தட்டியதே இல்லை. நேராக உள்ளே வந்து, பீரோவைத் திறந்து, போர்வையை எடுத்துக்கொண்டு போவார். அதற்காக நான் எத்தனை நாள் பல்லைக் கடித்திருக்கிறேன்.

"எதுக்கு அத்தை தட்டறீங்க?"

"வாடகை குடுக்கறவங்க ரூமு. கேக்காம வரலாமா?"

குத்தலாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார்.

12 நவம்பர், ஞாயிறு

தீபாவளி. எண்ணெய் தேய்த்துவிடக் கூப்பிடவும் கதவைத் தட்டினார்.

15 நவம்பர், புதன்

கார்டு கம்பெனியிலிருந்து மெயில். வாடகை என்று காட்டியதில் சந்தேகமாம். கார்டை நிறுத்திவைத்திருக்கிறார்கள். பத்து நாளுக்குள் வாடகை ஒப்பந்தம் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் சேர்த்த பாயின்ட் அத்தனையும் ரத்து. இன்னும் முப்பதாயிரம் செலவு காட்டினால் ஆறு லட்சம் முடிந்திருக்கும்.

டென்சிலுக்கு இது புதிதில்லை. "ஒரு அக்ரிமென்ட் போட்டுடு, பழைய தேதியில. மாமியார் கையெழுத்து ஒண்ணுதானே" என்றான். ஒண்ணுதானே.

18 நவம்பர், சனி

மெயின் ரோட்டில் டைப் அடிக்கும் மஞ்சுநாத்திடம் போனேன். வாடகைதாரர் பெயர் என்றார், பிரபா என்றேன். உரிமையாளர் மங்களம் என்றேன். என்ன உறவு என்று அவர் கேட்கவில்லை. ஸ்டாம்ப் பேப்பரோடு ஐந்நூறு ரூபாய்.

வீட்டில் அத்தை அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். பேப்பரை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"இங்கிலீஷ்ல கீது. படிச்சிச் சொல்லு."

சுருக்கமாகச் சொன்னால் போதும் என்று நினைத்தேன். வரி வரியாகச் சொல்லச் சொன்னார். பேங்கில் பட்டது போதும் என்று நினைத்திருப்பார். சொன்னேன். வாடகைதாரர் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. வாடகைதாரர் வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். வெளியாட்களைத் தங்கவைக்கக் கூடாது. உரிமையாளர் கேட்டால் ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும்.

அத்தை அவரைக்காய் உரிப்பதை நிறுத்தினார். "அப்ப நான் போன்னா நீ போயிடணுமா?"

"அப்படித்தான் எழுதியிருக்கு அத்தை."

"நீ போயிட்டா நான் எங்க போறது?"

அதற்கு அந்தப் பேப்பரில் ஒன்றும் இல்லை.

பிறகு, "சரி, எங்க போடணும்?" என்று பேனாவை வாங்கினார். அவர் கையெழுத்து தமிழில், மெதுவாக வரும். 'மங்' என்று போட்டிருப்பார். நான் பேப்பரை இழுத்துக்கொண்டேன். அத்தை பேனாவோடு என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் சொன்னேன். கோகர்ணா, கடல் ஜன்னல், தனியாக. குடும்பத்தோடு இல்லை அத்தை, நான் மட்டும். ஊர் சுத்த இல்லை. தூங்கறதுக்கு. யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது, நாலு நாள். எனக்கு அவ்வளவு அசதியா இருக்கு. சொல்லும்போது அழுதுவிட்டேன். அழுவதற்கும் அசதியாகத்தான் இருந்தது.

"தூங்கறதுக்கா?"

"ஆமாம்."

பேனாவை மூடி என் கையில் கொடுத்தார். பிறகு கேட்டார், "நம்ம வீட்ல தூங்கறதுக்கு எத்தினி பாயின்ட்டு?"

கேலி இல்லை. அவருக்குத் தெரிய வேண்டும் என்று கேட்டார். மீதி அவரையை இரண்டு பேரும் உரித்தோம்.

19 நவம்பர், ஞாயிறு

'மங்' போட்ட பேப்பரை இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். அனுப்பப் போவதில்லை.

27 நவம்பர், திங்கள்

பாயின்ட்: பூஜ்யம். நான் நியாயமாக வாங்கிய மளிகைக்கும் ஷ்ரேயாவின் ஷூவுக்கும் வந்த பாயின்ட்டும் சேர்ந்து போய்விட்டது. கமிஷன், வட்டி, மெஷின், ஸ்டாம்ப் பேப்பர் எல்லாம் கூட்டிப் பார்த்தேன். அதே ஹோட்டலில் இரண்டு ராத்திரிக்குக் காசு கொடுத்தே தங்கியிருக்கலாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். டென்சிலிடம் சொன்னேன். வேறு ஒரு கார்டு நன்றாக இருக்கிறது என்றான்.

அத்தையின் சிம்மையும் பழைய போனையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். வாங்கி, அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். இன்றும் கதவைத் தட்டினார்.

3 டிசம்பர், ஞாயிறு

காலை ஏழு மணிக்கே வீட்டில் நடமாட்டம். அத்தை சேலை மாற்றியிருந்தார். ஷ்ரேயா ஷூ போட்டிருந்தாள். சஞ்சய் முகம் கழுவாமல் பையோடு நின்றான். அத்திபெலேயில் இருக்கும் அத்தையின் தங்கை வீட்டுக்குப் போகிறார்களாம், மூன்று பேரும். எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று எழுந்தேன்.

"நீ எங்க வர்ற? படு" என்றார் அத்தை. "சாயந்தரம் வரைக்கும் வாடகை வாங்கற வீட்டுக்காரி இங்க இருக்க மாட்டா. சாம்பார் இருக்கு, பொரியல் இருக்கு. உன் போனைக் குடு."

"போன் எதுக்கு அத்தை?"

"குடுன்றன்ல."

கொடுத்தேன். இடுப்பில் செருகிக்கொண்டார். சஞ்சய் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "அவளைக் கேக்காத, என்னைக் கேளு" என்று அவனை முன்னால் தள்ளிக்கொண்டு போனார். கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

தூங்கினேன். எழுந்தபோது இரண்டரை. பழக்கத்தில் கை தலையணைக்கு அடியில் போனைத் தேடியது. மாடி வீட்டில் குக்கர் விசில். யாரோ தெருவில் எலுமிச்சம்பழம் விற்றுக்கொண்டு போனார்கள். சோற்றைத் தட்டில் போட்டு, சூடு பண்ணாமல், கட்டிலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். தட்டைக்கூடக் கழுவவில்லை. மறுபடி படுத்துவிட்டேன்.

இதை எழுதும்போது மணி ஆறே முக்கால். கேட் திறக்கும் சத்தம் கேட்டது, ஷ்ரேயாவின் குரல் கேட்டது. அப்புறம் அறைக் கதவு திறந்தது. அத்தை நேராக உள்ளே வந்தார், பீரோவைத் திறந்தார், போர்வையை எடுத்தார், என் போனைக் கட்டிலில் போட்டார்.

"டேங்கர்காரனுக்குப் போன் போடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தட்டவில்லை.