பாதியில் நின்ற ரம்பம்

ஏழாம் சாலை, கியூபெக்
14 அக்டோபர் 2003

அன்புள்ள கொழுந்தன் ஓவிலாவுக்கு,

நான் காட்டில் மயங்கி விழுந்துவிட்டதாக, மாதா கோவிலில் பூசை முடிந்து வரும் பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். நான் விழவில்லை. உட்கார்ந்தேன். பாதி அறுத்த பிர்ச் மரம் என் பக்கம் சாய்ந்து நிற்கையில் உன் அண்ணன் க்ளோவிஸின் சங்கிலி ரம்பம் அணைந்துபோனது. விலகிப் போய் ஒரு கட்டையில் உட்கார்ந்து, மரம் என்ன செய்யப்போகிறது என்று பார்த்திருந்தேன். தபால்காரர் பார்த்தது அதைத்தான். பிறகு காற்றில் அது தானே விழுந்தது.

என் பராமரிப்பில் குறை இல்லை. பெட்ரோலில் க்ளோவிஸ் கலந்த அளவுக்கே ஆயில் கலக்கிறேன். இந்தக் காலத்து மெஷினுக்கு ஊற்றுகிற மெல்லிய கலவை இதற்கு ஆகாது. சங்கிலியை ஒவ்வொரு பல்லாக அரம் போட்டேன். ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தேன். ஸ்பார்க் பிளக் நல்ல காப்பி நிறம். கயிற்றை இழுத்ததும் உறுமுகிறது. மரத்தில் நன்றாக இறங்கிய பிறகு மூச்சுத் திணறி நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது. யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

எனக்கு என் மகன் நொர்மான் மேல்தான் சந்தேகம். போன மாதம் வந்தவன் கொட்டகையை விட்டு வெளியே வரவே இல்லை. "அம்மா, டவுன்ல முதியோர் இல்லத்துல கரண்ட் ஹீட்டர் இருக்கு. இந்தக் கிழட்டுப் பேயோட எதுக்கு மல்லுக்கட்டறீங்க?" என்றான். விறகு இல்லாமல் இந்த வீட்டில் குளிர்காலத்தைத் தாங்க முடியாது, நான் வெளியேறித்தான் ஆகவேண்டும். அது அவனுக்குத் தெரியும். புத்தாண்டுக் காலையில் முழந்தாளிட்டு ஆசீர்வாதம் கேட்க இந்த வருடம் வரவேண்டாம் என்று அவனுக்கு எழுதிவிட்டேன்.

மெஷின் தெரிந்தவன் நீ. அவன் எதைத் திருகியிருப்பான்?

பாசமுள்ள அண்ணி,
எக்ஸில்டா


20 அக்டோபர்

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நொர்மானைக் கோபிக்காதீர்கள். அவனுக்குப் பிளக் எது, மூடி எது என்றே தெரியாது. மெஷினுக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கும். இனி பாகமும் கிடைக்காது. நீங்கள் எதையும் கழற்ற வேண்டாம், இன்னும் கெட்டுப்போகும். சுவரில் மாட்டி வையுங்கள், அண்ணன் ஞாபகமாக இருக்கட்டும். விறகுக்கு நான் இருக்கிறேன். உங்கள் காட்டையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் கொழுந்தன்,
ஓவிலா


4 நவம்பர்

திரு. ஓவிலா அவர்களுக்கு,

கழற்ற வேண்டாம் என்று நீங்கள் எழுதியதால் கழற்றினேன். வளையம் தேய்ந்த மெஷினில் கயிறு தொளதொளவென்று வரும். இதுவோ தோளைப் பிடுங்குகிறது. ஆகவே அடுத்த முறை அணைந்தவுடன் டேங்க் மூடியைத் திருகினேன். 'உஸ்'ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. கயிற்றை இழுத்தேன், ஓடியது. மூடியில் காற்றுப் போக ஓர் ஊசித் துளை உண்டு. அது அடைபட்டால் டேங்கிலிருந்து பெட்ரோல் வராது. அந்தத் துளையில் இருந்தது மரத்தூள் அல்ல. மென்று மென்று இளஞ்சிவப்பாகிப்போன ஸ்ப்ரூஸ் மரப் பிசின். நொர்மானுக்குக் கட்டிய பல், பிசின் மெல்ல முடியாது. உங்கள் வாயில் பிசின் இல்லாத நேரம் நற்கருணை வாங்கும் நேரம் மட்டும்தான். கோடையில் கிரீஸ் வைத்துத் தருகிறேன் என்று ரம்பத்தைக் கொண்டுபோனவரும் நீங்களே.

ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பிறகு மாற்றிச் சொல்லக்கூடாது.

"அண்ணி, அதுல பிரேக்கே கிடையாது. நுனி பட்டு எகிறினா நேரா முகத்துக்குத்தான் வரும். ஒருநாள் ரோட்டுலேர்ந்து பாத்தேன், உங்க தலைத்துணிய உரசிட்டுப் போச்சு. சொன்னா கேப்பீங்களா? 'கன்னியர் மடத்துல லத்தீன் படிச்சவளுக்கு நீ பாடம் எடுக்கிறியா'ம்பீங்க. துளைய அடைச்சா சலிச்சுப்போய் விட்டுடுவீங்கன்னு நெனச்சேன்."

"பாதி அறுத்த மரத்துக்குக் கீழ நான் நிக்கறப்போ ரம்பம் அணைஞ்சுபோகுமே, அத நெனச்சியா?" என்றேன்.

உங்கள் முகம் வெளுத்தது. அது நடிப்பல்ல என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்கள் காடும் என் காடும் நடுவில் வேலி இல்லாமல் கிடக்கின்றன. க்ளோவிஸ் இருந்தபோதும் எங்கள் காட்டைக் கேட்டீர்கள். அவரை அடக்கம் செய்த வாரமே மறுபடி கேட்டீர்கள். நான் இல்லத்துக்குப் போய்விட்டால் நொர்மான் அதை யாருக்குக் கொடுப்பான் என்று நம் இருவருக்கும் தெரியும்.

நொர்மானிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன். துளையைக் குண்டூசியால் குத்தித் திறந்துவிட்டேன். ரம்பம் ஓடுகிறது, விறகு கொட்டகையில் ஏறிக்கொண்டிருக்கிறது.

என் தலைக்குப் பயந்து அடைத்தீர்களா, என் காட்டுக்கு ஆசைப்பட்டு அடைத்தீர்களா? இரண்டும் கலந்திருந்தால் அதையும் சொல்லலாம். வாசலில் நின்று சொல்ல வேண்டாம். உங்கள் கையெழுத்தில் பதில் எழுதி அனுப்புங்கள்.

எக்ஸில்டா