கூண்டு வண்டியில் நாம் விரித்த படுக்கை

ஆச்சி,

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் தம்பி மகன் மதுரையிலிருந்து ஒரு பழைய மோட்டார் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் படுக்கை போட்டு, மனைவியோடு குற்றாலம்வரை போய்வர வேண்டும் என்பது அவன் திட்டம். அதற்கென்று தைத்த இலவம்பஞ்சு மெத்தையைக் கூடத்தில் பிரித்துப் போட்டான். புதுப் பஞ்சின் மணம் எழுந்ததும் நான் சிரித்துவிட்டேன். எளிதில் சிரிக்காத அத்தை சிரித்தால் அவன் என்ன செய்வான்? மெத்தையில் ஏதோ கோளாறு என்று தையலைத் தடவிப் பார்த்தான்.

நீங்கள் போய் இரண்டு வருஷமாகிறது. இந்தக் கடிதம் எங்கேயாவது போய்ச் சேரும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பில் பாதி உங்களுடையது. அதைத் தனியாக வைத்துக்கொள்ள மனம் வரவில்லை.

நாம் வண்டியில் படுக்கை விரித்தபோது எனக்கு முப்பத்துநான்கு வயது. பெண்கள் பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் வேலை. மாதத்தில் பாதி நாள் கூண்டு வண்டியில்தான் கழியும். போகிற ஊரில் யார் வீட்டிலும் தங்குவதில்லை என்று வைத்திருந்தேன். ஒரு வீட்டில் உண்டு உறங்கிவிட்டு, மறுநாள் அந்த வீட்டுக்காரர் நடத்தும் பள்ளிக்கூடத்தைப் பற்றி எப்படி நேராக எழுதுவது? ஆகவே படுக்கையும் வண்டியிலேயே. நாலு வருஷத்தில் இடுப்பு போய்விட்டது. கீழே இறங்கியதும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றால்தான் நிமிர முடியும். செய்தி மேலிடத்துக்கு எட்டி, சுற்றுப்பயணம் முடியாவிட்டால் சென்னையில் ஆபீஸ் வேலைக்கு வந்துவிடலாம், மாத முடிவுக்குள் பதில் எழுதவும் என்று கடிதம் வந்தது. அன்பான கடிதம்தான். பள்ளிக்கூடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள் இனி அவற்றைப் பற்றிய காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். கையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பத்து நாள் பயணம்.

அடுத்த வீட்டிலிருந்த உங்களிடம்தான் முதலில் சொன்னேன். வைத்தியர் என்ன சொன்னார் என்று நீங்கள் கேட்கவில்லை. எதில் படுக்கிறேன் என்று கேட்டீர்கள். ஜமக்காளம் என்றேன். பட்டதாரி ஒருத்தி இப்படியும் இருப்பாளா என்பதுபோல் பார்த்தீர்கள்.

மறுநாள் காலை உங்கள் மாடி அறை திறந்தது. கல்யாணச் சீராக வந்து, இருபது வருஷமாகக் கட்டுப் பிரிக்காமல் அடுக்கியிருந்த மெத்தைகள் நாலும் ஒவ்வொன்றாக இறங்கின. உங்கள் வீடுகளில் சீர் சாமானை அடுக்கத்தான் தெரியும், அனுபவிக்கத் தெரியாது என்றேன்.

“ஒங்க படிப்பு மாதிரின்னு சொல்லுங்க,” என்றீர்கள்.

வாசலில் வண்டியை நிறுத்தி, நுகத்தடியைப் படியின்மேல் ஏற்றி வைத்து, மூன்று நாள் பரீட்சை நடத்தினோம். நான் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். இலவம்பஞ்சு அமுங்கி, இடுப்பு பள்ளத்தில் விழுகிறது. பருத்திப் பஞ்சு கட்டி தட்டிக் கிடக்கிறது. நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் எழுந்து உட்காரும்போது கூண்டு தலையில் இடிக்கிறது. நான் கையால் அழுத்திப் பார்த்தே எழுதிக்கொண்டு போனபோது என் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டீர்கள்.

“படுத்துப் பாக்காம எழுதாதீக.”

பட்டப்பகலில், தெருவில் போகிறவர்கள் பார்க்க, உங்கள் பக்கத்தில் படுத்தேன். கடைசியில் முடிவானது இது: அடியில் ஒரு சாண் உயரத்துக்கு வைக்கோல், அதன்மேல் புதிதாக அடித்துத் தைத்த மெல்லிய பருத்தி மெத்தை, இடுப்புக்கு நேராக மட்டும் மடித்த ஜமக்காளம், மேலே சூடு தெரியாமல் இருக்கக் கோரைப்பாய். அதைப்போல் ஒரு படுக்கை நம் ஜில்லாவிலேயே இல்லை என்று எனக்கு உள்ளூரப் பெருமை. நேமத்தான்பட்டியில் பிறந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்று ஒரு சாக்குச் சொல்லி நீங்களும் கிளம்பிவிட்டீர்கள்.

முதல் நாள் மத்தியானம் ஆத்தங்குடி போகும் வழியில் ஒரு புளியந்தோப்பில் நிறுத்தினோம். முன்பக்கம் தலைவைத்து இருவரும் படுத்தோம். வண்டிக்காரர் கருப்பையா மாட்டை அவிழ்த்துக்கொண்டு, நுகத்தடியை மெல்லத்தான் தரையில் இறக்கினார். வண்டி மூக்கைக் குத்தியது. வைக்கோல், மெத்தை, பாய், நீங்கள், நான், என் மூக்குக் கண்ணாடி எல்லாம் சேர்ந்து முன்பலகையில் போய்க் குவிந்தோம். என் முகத்தின்மேல் உங்கள் தலையணை. அதற்கு அந்தப்புறம் நீங்கள் குலுங்குவது தெரிந்தது. அழுகிறீர்களோ என்று பயந்தேன்.

“மூணு நாளா மெத்தையப் பாத்தோமே, வண்டி எப்புடி நிக்கும்னு பாத்தோமா?” என்று மூச்சு வாங்கக் கேட்டீர்கள். பிறகு நமக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. நாலு வருஷமாக ஜமக்காளத்தில் அந்தச் சரிவிலேயேதான் நான் கிடந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முன்னமே ஏன் சொல்லவில்லை என்று கருப்பையாவைக் கேட்டேன். அவர் மாட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்: “நீங்க எழுதிக்கிட்டு இருந்தீக, தாயி. எழுத்துல அதுவும் இருக்கும்னு நெனச்சேன்.”

அவரே தோப்பில் கவைக்கொம்பு ஒன்று வெட்டி நுகத்தடிக்கு முட்டுக் கொடுத்தார். வண்டி சமமாக நின்றது. அன்று பிற்பகல் நான் தூங்கியதை நீங்கள் எத்தனை பேரிடம் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். குறட்டை விட்டதாகச் சேர்த்துச் சொன்னதும் தெரியும்.

நேமத்தான்பட்டியில் உங்கள் பிறந்த வீட்டில் நாற்பது பேர் படுக்க இடமிருந்தது. என் கொள்கை என்னோடு போகட்டும், நீங்கள் உள்ளே போய்ப் படுங்கள் என்றேன். கேட்கவில்லை. விடிந்ததும் உங்கள் தம்பி வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்துத் திகைத்தார். உங்கள் வீடுகளில் அக்காளும் ஆச்சிதான்.

“என்ன ஆச்சி இது? பொறந்த வீட்டு வாசல்ல வண்டியில படுத்திருக்கீக. ஊர் என்ன சொல்லும்?”

“கவர்மெண்டு வேலையா வந்திருக்கேன்டா தம்பி. ஒங்க வீட்டுத் தண்ணி கூடக் குடிக்கப்படாது,” என்றீர்கள். அதே மூச்சில், “காப்பி மட்டும் கொண்டாரச் சொல்லு,” என்று சேர்த்துக்கொண்டீர்கள்.

நான் இறங்கிப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். நீங்கள் சக்கரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். அப்போதுதான், எதையும் பிடிக்காமல் இறங்கியிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. எனக்குச் சொல்ல வராது என்று தெரிந்த நீங்கள் காப்பியை ஆற்றி என் கையில் கொடுத்தீர்கள். மெத்தையில் உட்கார்ந்தபடியே, சுற்றுப்பயணத்துக்கு உடல் இடம் கொடுக்கிறது என்று மேலிடத்துக்கு நாலு வரி எழுதி, உங்கள் தம்பி கையிலேயே தபாலுக்குக் கொடுத்தேன்.

அதன்பிறகு எத்தனையோ ஊர்கள். இப்போது மோட்டாரில் போய் மாலையே திரும்பிவிடுகிறேன். இந்த வருஷங்களில் என்னோடு தங்கிப்போன வழக்கம் ஒன்று உண்டு. எந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதுமுன் கடைசி வரிசையில், பிள்ளைகளோடு தரையில், ஒரு பாடம் முடியும்வரை உட்கார்ந்திருப்பேன். ஜன்னல் வெயில் எங்கே விழுகிறது, கரும்பலகையை எந்தத் தலை மறைக்கிறது என்பதெல்லாம் அங்கிருந்துதான் தெரிகிறது. அம்மாளுக்குக் களைப்பு என்று நினைத்து டீச்சர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வேண்டாம் என்று கை காட்டுவேன். சென்ற மாதம் திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் அப்படி உட்காரப் போனபோது, ஒரு சிறுமி தன் சிலேட்டுப் பலகையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, “இங்குட்டு உக்காருங்க, அங்குட்டு ஒழுகும்,” என்று எனக்கு இடம் விட்டாள்.