எதிரணிக் கேலரியில் ஓர் அப்பா

பிப்ரவரி 4

என் அருமைச் சுண்டெலிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இருவரும் நலம். அம்மாவுக்கு மட்டும் என்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. காரணம் கீரை.

நேற்று காலை கீரை வாங்கத்தான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாங்கியும் விட்டேன். மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே நிமிர்ந்தால், எதிரே உன் கல்லூரி ஊர்ப் பலகை மாட்டிய பேருந்து நிற்கிறது. சாயங்காலம் உனக்குக் கூடைப்பந்து ஆட்டம் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது என்று சொன்னால் பொய். மறந்திருந்தால்தானே ஞாபகம் வருவதற்கு! கண்டக்டர், “ஏறுறீங்களா, வழியை விடுறீங்களா?” என்றார். ஏறிவிட்டேன்.

ஊரைத் தாண்டிய பிறகு அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“எங்க இருக்கீங்க?”

“பஸ்ல.”

“கீரை?”

“அதுவும் பஸ்லதான்.”

போனை வைத்துவிட்டாள்.

இவ்வளவு நாளும் கைப்பேசியில் கட்டைவிரல் உயரத்தில் பார்த்த உன்னை, நேற்று முழு உயரத்தில் பார்த்தேன். வீட்டுச் செருப்போடு, மடியில் கீரைப் பையோடு, வளையத்துக்கு அருகே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் நீலச் சட்டைப் பையன்கள். நல்ல பிள்ளைகள். நகர்ந்து இடம் கொடுத்தார்கள். நீ இடதுபக்கம் போவதுபோல் காட்டி வலதுபக்கம் திரும்பினாயே, ஓர் உதாரணம் சொல்கிறேன், பாடம் கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு மேசைக்கடியில் சாப்பிடும் மாணவன் மாதிரி இருந்தது. அந்த நேர்த்தி!

கடைசிக் கட்டத்தில், கோட்டில் தனியாக நின்று எறிய உனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தன. அரங்கம் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டது. என்னால் முடியவில்லை. “சுண்டெலி! பதறாதடா!” என்று கத்திவிட்டேன். அதன்பிறகு சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. மாணவர்கள் அப்படித்தான். ஒரு பெஞ்ச் சிரித்தால் காரணம் தெரியாமலே அடுத்த பெஞ்சும் சிரிக்கும். ஒரு தோல்வியால் ஒன்றும் குறைந்துவிடாது.

கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடியதால் உன்னைப் பார்க்காமல் வந்துவிட்டேன். கோச் உங்கள் போன்களைப் பூட்டி வைத்திருப்பதில் ஒரு லாபம், உன் கையெழுத்தைப் பார்க்கலாம். எழுது.

உன் முதல் ரசிகன்,
அப்பா

&nbsp;

பிப்ரவரி 9

அன்புள்ள அப்பா,

உங்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்ட நல்ல பிள்ளைகள் எதிரணிக்காரர்கள். அது அவர்களுடைய கேலரி. நுழைவாயிலில் பெரிதாக எழுதியிருக்கிறதே, பார்க்கவில்லையா?

நீங்கள் கூப்பிட்டதும் முதல் பந்து வெளியே போனது. இரண்டாவதுக்கு நிற்கும்போது மொத்த நீலச் சட்டையும் “சுண்டெலி, சுண்டெலி, கீச் கீச்” என்று ஆரம்பித்தது. அதுவும் போனது. அதற்குப் பிறகு பந்து என் கைக்கு வந்தாலே கீச் கீச். யாரோ அதைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். முந்தாநாள் வேறு கல்லூரியோடு ஆட்டம், அங்கேயும் கீச் கீச். சாப்பாட்டுக்கூடத்தில் என் தட்டுக்குப் பக்கத்தில் யாரோ பொம்மை எலி வைத்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் அணியில் நான்தான் உயரம், அதனால் சிரிப்பு இரண்டு மடங்கு. கோச் என்னைக் கடைசி நேரத்தில் பெஞ்சில் உட்கார வைக்கிறார். “உன் கால் இங்க இருக்கு, காது அங்க இருக்கு” என்கிறார். இறுதி ஆட்டத்துக்கு எடுப்பாரா என்று தெரியவில்லை.

இனி என்னை அந்தப் பெயரால் கூப்பிடாதீர்கள், எழுதவும் வேண்டாம். ஆட்டத்துக்கும் வராதீர்கள். தயவுசெய்து உதாரணம் எதுவும் சொல்லாதீர்கள்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்

&nbsp;

பிப்ரவரி 13

அன்பு மகளுக்கு,

இந்த முதல் வரிக்கே அரைநாள் ஆகிவிட்டது. பதிவேட்டில் உள்ள உன் பெயரை எழுதிப் பார்த்தேன். மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு பிள்ளைக்கு எழுதுவதுபோல் இருந்தது. அடித்துவிட்டேன். “மகள்” என்பதில் யாரும் சிரிக்க ஒன்றுமில்லை என்று அதை வைத்துக்கொண்டேன்.

ஒரு விஷயத்தை நான் உனக்கு எழுதவில்லை. அந்தப் பெயரைக் கத்தியது மட்டும் அல்ல என் வேலை. ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே அந்தப் பையன்கள், “யாருக்காக சார் வந்திருக்கீங்க?” என்று கேட்டார்கள். கேட்டால் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியுமா? “அதோ, அந்த உயரமான பொண்ணு, எங்க சுண்டெலி” என்றேன். “ஏன் சார் அப்படிப் பேரு?” விளக்கினேன். நாள் குறைந்து பிறந்தாள், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவாள், அழுகைகூட வராது, கீச் என்று ஒரு சத்தம்தான் வரும், அந்தச் சத்தம் கேட்டால்தான் அவள் அம்மாவுக்கு உயிர் வரும் என்று சொன்னேன். கீச் என்று செய்தும் காட்டினேன். முப்பது வருஷம் வகுப்பில் செய்த பழக்கம்.

அவர்கள் கத்தியது, நான் சொல்லிக்கொடுத்தது.

எழுந்து நின்று, “வேணாம்ப்பா, விடுங்கப்பா” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பக்கத்துப் பையன், “விளையாட்டுதானே சார், உக்காருங்க” என்று என் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். மரியாதையாகத்தான் செய்தான். அன்று ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்றபோதும் அப்படித்தான், எதையும் தொட விடவில்லை.

கடைசிப் பேருந்து என்று எழுதினேன். அதற்குப் பிறகும் பேருந்து இருந்தது. உன் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

இனி வர மாட்டேன். அந்தப் பெயரையும் எழுத மாட்டேன். அம்மா, “நான் வச்ச பேரு, நான் கூப்பிடுவேன்” என்கிறாள். அவளை நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

அப்பா

&nbsp;

பிப்ரவரி 24

அப்பா,

அவசரமாக எழுதுகிறேன், பயிற்சிக்கு நேரமாகிவிட்டது. சனிக்கிழமை 28ஆம் தேதி இறுதி ஆட்டம், எங்கள் அரங்கத்தில்தான். அதே நீலச் சட்டைகள். கோச் என்னை எடுத்துவிட்டார்.

உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். கண்ணாடிப் பெட்டி விஷயம் தெரியும். கீச் என்பது நான் அழுத சத்தம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நேற்று ஆட்டத்தில் கத்தினார்கள், ஏனோ பழையபடி கூச்சமாக இல்லை.

வாருங்கள். எங்கள் பெஞ்சுக்குப் பின்னால் உங்களுக்கு ஒரு நாற்காலி பிடித்து வைக்கிறேன். நான் கோட்டில் நிற்கும்போது அங்கிருந்துதான் தெரிவீர்கள். நேரே அங்கே வாருங்கள், வழியில் யாருக்கும் பாடம் நடத்தாமல்.

உங்கள் மகள்

&nbsp;

பிப்ரவரி 28

அன்பு மகளுக்கு,

இன்று உனக்கு இறுதி ஆட்டம். நீ ஆடுகிறாயா என்பதுகூடத் தெரியாது. காலையில் எழுந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மா, “எங்கேயும் போகலைன்னா எதுக்கு இஸ்திரி போட்ட சட்டை?” என்றாள். கீரை வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன். “எந்த ஊர்லேருந்து?” என்று கேட்டாள்.

அதே இடத்தில் அதே பேருந்து. அதே கண்டக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, “என்ன சார், இன்னிக்கு மேட்ச் இல்லையா?” என்றார். “இருக்கு” என்றேன். “அப்புறம் என்ன, ஏறுங்க!” பேருந்தின் கைப்பிடியில் கை வைத்துவிட்டேன். வர மாட்டேன் என்று உனக்கு எழுதிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. கையை எடுத்தேன். விசில் கொடுத்தார், போய்விட்டது.

கடைசி வரை பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கீரையோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா கீரைக்கட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஆய உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

ஒளிபரப்பையும் பார்க்கப் போவதில்லை. பார்த்தால் வாய் சும்மா இருக்காது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன் என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் இது.

அப்பா

&nbsp;

மார்ச் 1

அப்பா,

போன் கைக்கு வந்துவிட்டது. பேசத் தோன்றவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தோற்றோம். கடைசி ஃப்ரீ த்ரோ எனக்குத்தான் வந்தது. கீச் கீச் என்றார்கள். அது பழகிவிட்டது. பந்தை விடும் முன் உங்கள் நாற்காலியை ஒருமுறை பார்த்தேன். காலியாக இருந்தது. அது பழகவில்லை. இரண்டும் வளையத்தில் பட்டு வெளியே வந்தன.

வேண்டாம் என்றபோது வராமல் இருந்தது சரி. வாருங்கள் என்று எழுதிய பிறகும் வரவில்லை. கோபம் எனக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்திருந்தேன்.

இனி கூப்பிட மாட்டேன்.

உங்கள் மகள்

&nbsp;

மார்ச் 2

அன்பு மகளுக்கு,

நீ 24ஆம் தேதி எழுதிய கடிதம் இன்று காலைதான் என் கைக்கு வந்தது. தபால்காரர் அதை மாடிவீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டார். அவர்கள் ஊருக்குப் போயிருந்து இன்றுதான் திரும்பினார்கள். மாடிவீட்டம்மா, “உங்க பொண்ணு லெட்டர் போல இருக்கு சார்” என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். நான் வாசலிலேயே படித்தேன். செருப்பு மாட்டினேனா என்று தெரியவில்லை, பேருந்தில் பார்த்தபோது காலில் அம்மாவுடைய செருப்பு இருந்தது.

வழியெல்லாம் உனக்குப் போன் அடித்தேன். மணி போகிறது, நீ எடுக்கவில்லை. நான் 28ஆம் தேதி எழுதிய கடிதம் உன்னிடம் வந்ததா, அதுவும் யார் வீட்டுக் கதவிலோ இருக்கிறதா, தெரியாது.

இப்போது உங்கள் அரங்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஒருவர் மட்டும் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். “மேட்ச் முடிஞ்சு போச்சே பெரியவரே” என்றார். “தெரியும்ப்பா” என்றேன். “ஜெயிச்சது நீலம்.” “அதுவும் தெரியும்.” பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் செய்தித்தாளில் பார்த்தேன். உன் பெயர் அதில் எப்படி வந்திருந்தது என்பதை நான் திரும்ப எழுதப் போவதில்லை.

பெஞ்சுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். நாற்காலிகளை எல்லாம் அடுக்கிவிட்டார்கள். ஒன்றே ஒன்று தனியாக நின்றது. “அதை ஏன்ப்பா அடுக்கலை?” என்று கேட்டேன். “அதுல ஏதோ சீட்டு ஒட்டியிருக்கு சார். யாருதோ, நமக்கெதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்” என்றார்.

குனிந்து படித்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். உன் கையெழுத்து. பச்சை மையில், தூரத்திலிருந்தே எனக்குத் தெரிய வேண்டும் என்று கொட்டை எழுத்தில். நீலச் சட்டைக்காரர்கள் உட்பட எல்லோரும் படிக்கும் இடத்தில் அதை ஒட்டி வைத்திருக்கிறாய்.

உதாரணம் எதுவும் இல்லை, மகளே. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

தபாலை நம்பிப் பட்டது போதும். இதை விடுதி வாசல் காவலரிடம் கொடுக்கச் சொல்லி, தரை துடைக்கிறவரிடமே தருகிறேன். வந்தால் வா. வராவிட்டாலும் உன்மேல் வருத்தம் இல்லை. அரங்கத்தைப் பூட்டும்வரை அந்த நாற்காலியில்தான் இருப்பேன். கத்த மாட்டேன். யார் என்று யாராவது கேட்டால், நீ எழுதி வைத்திருப்பதைத்தான் சொல்வேன்.

இப்படிக்கு,
சுண்டெலி அப்பா