அண்ணின்னு தெரிஞ்சிருந்தா

ஜூன் 4

அன்புள்ள டிரைவர் சாருக்கு,

உங்கள் எக்ஸ்ரே எழுதுவது. நேற்று இந்த வீட்டுக்காரம்மாவின் போனில் கூப்பிட்டு, நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். என் போன் கீழே விழுந்து நொறுங்கிவிட்டது. அடுத்தவர் போனில் எவ்வளவு நேரம்தான் பேசுவது? அதனால் பேப்பரும் பேனாவும். நிச்சயமான புதிதில் எழுதியதற்குப் பிறகு உங்களுக்கு இதுதான் முதல் கடிதம். அன்றைக்கும் கோழிக் கிறுக்கல், இன்றைக்கும் அதே கோழிதான், கொஞ்சம் வயதாகிவிட்டது.

பைக் பயணத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கிறேன். முட்டி லேசாக வீங்கியிருக்கிறது. வண்டியிலும் சின்ன வேலை, மெக்கானிக்கிடம் இருக்கிறது. பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டுமாம். வரும் வரைக்கும் ஓய்வு. கட்டில், ஒரு துணி நாற்காலி, பெரிய ஜன்னல், சத்தம் போடும் ஒரு மின்விசிறி. "தூங்கத்தானே வந்திருக்கே, தூங்கு. சுத்திப் பாக்க இந்த ஊர்ல ஒண்ணும் கிடையாது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரம்மா கீழே போய்விட்டார். எனக்குப் பிடித்துப்போயிற்று.

வீடு ஒரு வளைவில் இருக்கிறது. மதிலில் பாதி பழைய கல், பாதி புதுச் செங்கல். கேட்டேன். "வண்டி வாங்கினா முதல்ல எங்க சுவத்துல முட்டிக் காட்டிட்டுத்தான் போவாங்கம்மா, அப்படி ஒரு ராசி" என்றார். சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் முடியவில்லை.

உங்கள் கம்பெனியின் பச்சை பஸ்களும் இந்த வழியாகத்தான் போகின்றன. நீங்கள் இந்த ரூட்டில் இல்லை என்று தெரியும். இருந்தும் ஒவ்வொன்றையும் எட்டிப் பார்க்கிறேன். அதைப் பற்றி நேரில் பேச வேண்டும். இப்போது வேண்டாம்.

இரத்த அழுத்த மாத்திரையை மறக்காதீர்கள். நாலு நாளைக்கு ஒரே சட்டையைப் போடாதீர்கள்.

உங்கள்,
எக்ஸ்ரே


ஜூன் 8

எக்ஸ்ரே அம்மாவுக்கு உன் டிரைவர் எழுதுவது,

கடிதம் கிடைத்தது. பஸ் ஷெட்டில் எல்லாரும் பிடுங்கிப் பார்த்தார்கள். "இந்த வயசுல லவ் லெட்டரா அண்ணே?" என்று ஒரே கேலி. பொறாமை பிடித்தவர்கள்.

முட்டிக்கு என்ன? கிக் ஸ்டார்ட் அடித்து அடித்து வந்ததா? ஊரில் இருக்கிற முட்டியை எல்லாம் படம் பிடிக்கிறாய், உன் முட்டியைப் பார்க்க ஆள் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை பைக்கை எடுத்துக்கொண்டு நீ கிளம்பினால் அது டூர். நான் தினமும் ஒரு பஸ் நிறைய ஆளைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறேன், அதை யாராவது டூர் என்கிறார்களா?

வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. மூன்று வேளையும் ஹோட்டல்தான். மாத்திரை போடுகிறேன். சட்டையைப் பற்றிக் கேட்காதே.

நம் ராக்கெட் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்தால் ஷெட்டில் பொழுது போவதே தெரியவில்லை. போன வாரம் மலை ரூட்டில் நடந்த கூத்தைச் சொன்னான் பார், டீ மூக்கில் ஏறிவிட்டது. முன்னால் ஒரு பைக்காரனாம். ஹெல்மெட், ஜாக்கெட், முதுகுப் பை எல்லாம் மாட்டிக்கொண்டு, உலகத்தைச் சுற்ற வந்த மாதிரி மெதுவாகப் போயிருக்கிறான். "ரெண்டு தடவை ஹாரன் அடிச்சேன், அசையல. எதிர்ல பிளாஸ்டிக் சேர் ஏத்துன லாரி. வேற வழி? அப்படியே பஸ்ஸை அவரு பக்கம் ஒடிச்சு பாடியைக் காட்டுனேன். ஆளு மண்ணுல இறங்கி மாவு மூட்டை கணக்கா உருண்டாரு. கண்ணாடியில பாத்தேன், எந்திரிச்சு உக்காந்து என்னைக் கும்பிடுறாரு!" என்று உருண்டு காட்டினான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். டைமுக்கு முன்னாலேயே ஊர் சேர்த்துவிட்டானாம். கெட்டிக்காரன்தான்.

சொல்ல வந்தது என்னவென்றால், நீயும் ஓரமாகப் போ. எங்கள் ஆட்கள் எல்லாரும் என்னைப் போல் சாது இல்லை.

சீக்கிரம் வா.

உன் டிரைவர்


ஜூன் 11

டிரைவருக்கு,

அந்த மாவு மூட்டை நான்தான்.

பிளாஸ்டிக் நாற்காலி ஏற்றிய லாரியை எனக்கு நன்றாகத் தெரியும். நீலமும் சிவப்புமாக அடுக்கியிருந்தது. சாகப் போகிறோம் என்று நினைக்கும்போது கண்ணில் எதுவெல்லாம் பதிகிறது பாருங்கள். உங்கள் ராக்கெட்டின் பச்சை பஸ் என் கைப்பிடியை உரசிக்கொண்டு வந்தது. ஹாரன் அடித்தானாம், நான் அசையவில்லையாம். எங்கே அசைவது? ஒரு பக்கம் பஸ், இன்னொரு பக்கம் பள்ளம். பள்ளத்துக்கு முன்னால் கொஞ்சம் ஜல்லி கிடந்தது. அதில் விழுந்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் யாரையும் கும்பிடவில்லை. வலது மணிக்கட்டு உடைந்துவிட்டதா என்று இடது கையால் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடியில் அது கும்பிடு போலத் தெரிந்திருக்கிறது. அதற்கு நீங்கள் டீ மூக்கில் ஏறச் சிரித்திருக்கிறீர்கள்.

பச்சை நிறம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது, ஓட்டியவன் தெரியவில்லை. உங்கள் கம்பெனி பஸ் என்பதால்தான் முதல் கடிதத்தில் மறைத்தேன். போனில் சொன்னால் பதறுவீர்கள், பதற்றத்தோடு வண்டி ஓட்டுவீர்கள், நேரில் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் இங்கே முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டு உங்களுக்காகக் கவலைப்பட்டேன். நல்ல பைத்தியக்காரி.

இந்த வீட்டு வளைவில்தான் விழுந்தேன், வீட்டுக்காரம்மாதான் ஓடி வந்து தூக்கினார். அறை வாடகைக்கு இருக்கிறது என்பதையே அவர் என்னைத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் சொன்னார். ஹெல்மெட்டின் தாடைப் பக்கம் தேய்ந்துபோயிருக்கிறது. அது இல்லையென்றால் தேய்ந்திருப்பது என் தாடை.

நம் வீட்டுச் சாப்பாட்டில் வளர்ந்தவன் ராக்கெட். உங்களை அண்ணே என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுகிறவன். அவன் செய்தது ஒரு பக்கம். உங்கள் கடிதத்தில் "கெட்டிக்காரன்தான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். விழுந்தவன் பிழைத்தானா என்று யாராவது கேட்டீர்களா? ஒருத்தர்? ஒரு வாய்?

பதில் எழுதுங்கள். சமாதானம் எழுதாதீர்கள்.

எக்ஸ்ரே


ஜூன் 14

என் எக்ஸ்ரேவுக்கு,

கடிதத்தை ஷெட் வாசலில் நின்றே படித்தேன். அப்படியே உள்ளே போய் ராக்கெட்டின் சட்டையைப் பிடித்துவிட்டேன். மற்றவர்கள் விலக்கினார்கள். விஷயம் தெரிந்ததும் அவன் தரையில் உட்கார்ந்து அழுதான். "அண்ணின்னு தெரிஞ்சிருந்தா அங்கேயே வண்டிய நிறுத்தியிருப்பேனே அண்ணே! அண்ணின்னு தெரியாமப் போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டான். பார்க்கச் சகிக்கவில்லை. உன் காலில் வந்து விழுவதாகச் சொல்கிறான்.

எனக்கும் கோபம்தான். ஆனால் நீயும் ஒன்றை யோசி. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். பின்னால் வரும் பஸ்காரன் முந்தினால் ஸ்டாப்பில் நிற்கிற ஆள் எல்லாம் அவனுக்கு. லேட்டானால் முதலாளி எங்களை நாயே பேயே என்கிறார். பிரயாணிகளும் "என்னய்யா, மாட்டு வண்டியா ஓட்டுற?" என்று கேட்கிறார்கள். நாங்கள் ஆசைப்பட்டா ஓட்டுகிறோம்? வளைவில் நீயும் கொஞ்சம் முன்னாலேயே ஒதுங்கி வழி விட்டிருக்கலாம். பெரிய வண்டி வந்தால் சின்ன வண்டி ஒதுங்குவதுதான் ரோட்டு நியாயம்.

போலீசுக்கு மட்டும் போய்விடாதே. அவன் லைசென்ஸ் போனால் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். அவன் பெண்டாட்டி நேற்று வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றாள். வெளியே தெரியாமல் நமக்குள் முடித்துக்கொள்ளலாம். நம் ஆள்தானே?

சொல்லு, லாரி பிடித்து வந்து உன்னையும் பைக்கையும் ஏற்றி வருகிறேன். இனி அந்தப் பைக் வேண்டாம். நான் சொல்வதைக் கேள்.

உன் டிரைவர்


ஜூன் 17

டிரைவருக்கு,

"அண்ணின்னு தெரிஞ்சிருந்தா."

இதை மன்னிப்பு என்று நினைத்து எனக்கு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். நேற்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படியென்றால் அண்ணியாக இல்லாதவர்கள் என்ன செய்ய வேண்டும்? ரோட்டில் போகிற ஒவ்வொருவரும் உங்கள் ஷெட்டுக்கு வந்து சொந்தம் கொண்டாடிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டுமா? அந்த பஸ்ஸுக்கு முன்னால் யாரோ ஒரு பெண், யாரோ ஒரு பையன் போயிருந்தால் அவன் அழுதிருக்க மாட்டான். நீங்கள் சட்டையைப் பிடித்திருக்க மாட்டீர்கள். இன்னொரு டீ சொல்லியிருப்பீர்கள்.

எக்ஸ்ரே அறையில் ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் படுக்க வைக்கிறேன் தெரியுமா? "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்வேன், விலா உடைந்த ஆள் இழுக்க முடியாமல் என்னையே பார்ப்பான். படத்தில் எல்லா எலும்பும் ஒரே வெள்ளைதான். யாருடைய அண்ணி, யாருடைய மச்சான் என்று அதில் தெரியாது. நாங்களும் சீட்டில் 'விபத்து' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறோம். இடி விழுந்தால் விபத்து. இது ஒருவன் இரண்டு தடவை ஹாரன் அடித்து, எதிரில் லாரி வருவதைப் பார்த்து, யோசித்து எடுத்த முடிவு. அவன் வாயாலேயே சொல்லியிருக்கிறான், "வேற வழி?" என்று. பிரேக் ஒன்று இருந்ததே, அது வழி இல்லையா?

இந்த ஜன்னலில் உட்கார்ந்து வளைவைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. நல்ல ஓய்வு! எங்கள் பைக் ஆட்களும் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை. ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு போகிறார்கள், மூளை அங்கேதான் இருக்கிறது போல. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வளைகிறார்கள். அவர்களைப் பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. ஆனால் அவன் தப்பு செய்தால் அவன் சாகிறான். நீங்கள் தப்பு செய்தாலும் அவன்தான் சாகிறான். இதற்குப் பெயர் ரோட்டு நியாயம் என்கிறீர்கள். பெரியது வந்தால் சின்னது ஒதுங்க வேண்டும் என்றால் அது ரோடு இல்லை, காடு.

முதலாளி திட்டுகிறார் என்றால் முதலாளியிடம் கோபப்படுங்கள். ஷெட்டில் இத்தனை ஆண்பிள்ளைகள் இருக்கிறீர்களே, எல்லாரும் சேர்ந்து ஒரு நாள் "இந்த டைமுக்கு ஓட்ட முடியாது" என்று சொன்னதுண்டா? அவருக்கு முன்னால் வராத வீரம் எங்கள் முதுகில் ஏறுகிறது.

நான் நேற்றே ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டேன். வீட்டுக்காரம்மாவும் வந்து, பார்த்ததைச் சொன்னார். ஆனால் அவர் பார்த்தது நான் விழுந்த பிறகு. பஸ் வேண்டுமென்றே ஒடித்தது என்பதற்குச் சாட்சி கேட்கிறார்கள். ராக்கெட் அதைத் தன் வாயால் சொன்னபோது கேட்டவர்கள் நீங்கள் எல்லாரும். சிரித்தவர்களில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும்.

அவன் பெண்டாட்டி வாசலில் நின்றாள் என்று எழுதினீர்கள். எனக்கும் அவள் மேல் இரக்கம் உண்டு. ஆனால் நான் செத்திருந்தால் நம் வாசலில் நிற்க உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்?

லாரி வேண்டாம். பைக்கில் வந்தேன், பைக்கில்தான் திரும்புவேன். எங்கே திரும்புவது என்பதை உங்கள் பதிலைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்.

இப்படிக்கு,
புகார் கொடுத்தவள்


ஜூன் 25

எக்ஸ்ரேவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் உன்னைத் திட்டியிருந்தேன். இப்போதும் உன் மேல் கோபம் இருக்கிறது. என்னை ராக்கெட்டோடு ஒரே தட்டில் வைத்தாய். வைத்தது சரிதான் என்பதால் கோபம் இன்னும் அதிகம்.

முந்தாநாள் நீ தங்கியிருக்கும் ஊர் ஸ்டேஷனுக்கு வந்தேன். அவன் சொன்னதை, நடித்துக் காட்டியது உட்பட, அப்படியே சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். "அப்ப நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டார் எழுதிக்கொண்டிருந்தவர். "சிரிச்சேன்" என்றேன். அதையும் எழுதினார். திரும்பும்போது அந்த மதில் பக்கம் வந்து நின்றேன். மாடி ஜன்னலில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. ஏறி வரக் கால் வரவில்லை. நீ கூப்பிடவில்லையே.

ஷெட்டில் யாரும் என்னிடம் பேசுவதில்லை. நான் போய் உட்கார்ந்தால் பெஞ்ச் காலியாகிவிடுகிறது. ராக்கெட் என் முகத்துக்கு நேரே, "பொண்டாட்டி பேச்சைக் கேட்டுக் காட்டிக் குடுத்துட்டீங்கல்ல, இனி நீங்க எனக்கு அண்ணனும் இல்ல, அவங்க அண்ணியும் இல்ல" என்று சொல்லிவிட்டுக் காறித் துப்பினான். அண்ணி இல்லை என்று அவனே சொல்லிவிட்டான். இனி ரோட்டில் உன்னைப் பார்த்தால் அவன் நிறுத்த மாட்டான், இல்லையா? நீ எழுதியது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

முதலாளி கூப்பிட்டு, கம்பெனி பேரைக் கெடுத்தேன் என்று கத்தினார். நானும் கத்தினேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. இந்த நேரத்துக்குள் ஓட்ட முடியாது, முடிந்தால் நீங்களே ஸ்டியரிங்கைப் பிடியுங்கள் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் எனக்கு வண்டி கிடைக்குமா என்று தெரியாது. அதற்காக உன்னிடம் இரக்கம் கேட்கவில்லை, செய்தியாகச் சொல்கிறேன்.

இன்று காலை என் ரூட்டில் அணைக்கட்டு ஏற்றம் ஏறினேன். வளைவு தொடங்கும் இடத்தில் முன்னால் ஒரு பைக். பழைய வண்டி, பின்னால் ஏதோ மூட்டை. மெதுவாக, ரொம்ப மெதுவாகப் போனது. பின்னால் வேறு கம்பெனி பஸ் ஹாரனால் என் பிடரியைக் குத்தியது. கண்டக்டர் விசில் மேல் விசில். "என்ன டிரைவரே, தூங்குறியா?" என்று பின் சீட்டிலிருந்து ஒருவன் கேட்டான், பஸ்ஸே சிரித்தது. எனக்கு அந்தப் பைக்காரன் மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. கை ஹாரனுக்குப் போய்விட்டது. எடுத்துக்கொண்டேன்.

அது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. நீ இல்லை என்று மட்டும் நன்றாகத் தெரியும். ஏற்றம் முடிகிற வரைக்கும் இரண்டாவது கியரிலேயே, அந்தப் பைக்கின் பின்னாலேயே போனேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
டிரைவர்