வராத மியூவான்கள்

பொலோனியா,
நவம்பர் 3

அன்புள்ள யோஸ்த்,

நீயும் வீட்டாரும் நலமா? குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா? இதையெல்லாம் கேட்ட பிறகுதான் சண்டைக்கு வர வேண்டும் என்று இருந்தேன். கேட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தை இங்கிருந்து திரையில் பார்த்தோம். இந்தப் பட்டறையில் ஆறு வருடம் உழைத்து நாங்கள் கட்டி ஜெனீவாவுக்கு அனுப்பிய உணர்கருவிப் பெட்டிகள், தம் வழியே போகும் மியூவான் துகள்களில் நூற்றுக்கு எழுபத்தெட்டைத்தான் காண்கின்றன என்று படம் போட்டாய். ‘முதற்கட்டக் கணக்கு’ என்று ஓரத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. அதை யார் படிக்கிறார்கள்? திட்டத் தலைவி ஹெல்கா உடனே, “அப்ப குளிர்காலத்துல மெஷின நிறுத்தும்போது எல்லாத்தையும் கழட்டிடலாம்” என்றாள்.

என் பட்டறைக்காரர் தினோ, “டாக்டரம்மா, பெட்டிக்கு ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கி அனுப்பிடலாமா?” என்றார். சிரித்தோம். அப்புறம் யாரும் காபிக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

மறுகணக்கு உன் கையில் என்கிறார்கள். படிக்கும் காலத்தில் ஒரே அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள் நாம். எண் மேலே போகிறதா, கீழே போகிறதா என்று எனக்கு மட்டும் சொல்லேன்.

அன்புடன்,
லொரெதானா

ஜெனீவா,
நவம்பர் 9

அன்புள்ள லொரெதானா,

பல் இரண்டு முளைத்திருக்கிறது. என் விரலில் அடையாளமும் இருக்கிறது.

நீ கேட்டது எனக்கே தெரியாது. பெட்டி கண்டதா இல்லையா என்ற விவரத்தைக் கணினி நிரல் மறைத்து வைத்திருக்கிறது. முறையை முடிவுசெய்து, மற்றவர்கள் சரிபார்த்த பின்தான் திறப்போம். முன்பே பார்த்தால், பிடித்த எண் வரும்வரை முறையைத் திருத்திக்கொண்டே இருப்போம். பார்த்தால், உனக்காக நான் நிச்சயம் அப்படித் திருத்திவிடுவேன்.

செய்வதை மட்டும் சொல்கிறேன். ஒரு தாய்த்துகள் சிதைந்து இரண்டு மியூவான்களைத் தருகிறது. ஒன்றை வேறு கருவி உறுதியாகப் பிடித்துவிட்டால், மற்றது உன் பெட்டி வழியே போயிருக்க வேண்டும். ஆனால் சம்பந்தமே இல்லாத இரண்டு தடங்களும் தற்செயலாக ஜோடி போலத் தெரியும். இரண்டின் ஆற்றலையும் சேர்த்துத் தாயின் நிறையைக் கணக்கிட்டால், உண்மையான ஜோடிகள் வரைபடத்தில் ஓரிடத்தில் குன்றாகக் குவியும். பொய் ஜோடிகள் சமவெளியாகப் பரந்து கிடக்கும். முதல் கணக்கில் இரண்டையும் நாங்கள் பிரிக்கவில்லை. அது எவ்வளவு மாற்றும் என்பது திறந்தால்தான் தெரியும்.

உன்,
யோஸ்த்

பொலோனியா,
நவம்பர் 21

யோஸ்த்,

பெட்டிகளை இறக்க ஹெல்கா பாரந்தூக்கி ஏற்பாடு செய்துவிட்டாள். என் ஆட்களை வேறு வேலைக்கு அனுப்பச் சொல்லித் தகவல் வந்திருக்கிறது. நேற்று உன்னை அழைத்தேன். “மீட்டிங்ல இருக்கேன்” என்று வைத்துவிட்டாய். எண்ணை மூடி வை, புரிகிறது. வாயையும் சேர்த்தா மூட வேண்டும்?

திறக்கும் நாளில் நான் திரைக்கு வரப்போவதில்லை.

லொரெதானா

ஜெனீவா,
டிசம்பர் 4

அன்புள்ள லொரெதானா,

காலையில் திறந்தோம். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

உன் பெட்டிகள் தவறவிட்டதாக நாங்கள் எழுதியவற்றில் பெரும்பகுதி பொய் ஜோடிகள்; மியூவான்களே அல்ல. அங்கே மியூவான் எதுவும் வரவே இல்லை. ஹெல்கா, “கணக்க இன்னொரு தடவ ஓட்டுங்க” என்றாள். ஓட்டினோம். அதே எண். “சரி, பாரந்தூக்கி வேணாம்னு சொல்லிடுங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். நான் வெளியே வந்து மழையில் கொஞ்ச நேரம் நின்றேன்.

இன்னொன்று. கீழ்வரிசைக் கடைசிப் பெட்டி பாதியைத்தான் காண்கிறது. சராசரியில் அது தெரியாமலே போயிருக்கும். தனியாகப் போட்டுக் காட்டினேன். கோபித்துக்கொள்.

அன்று நீ அழைத்தபோது மீட்டிங் எதுவும் இல்லை. பேசினால் உனக்காக ஏதாவது மாற்றிவிடுவேனோ என்று பயந்தேன்.

உன்,
யோஸ்த்

பொலோனியா,
டிசம்பர் 10

அன்புள்ள யோஸ்த்,

உன் கடிதத்தைப் பட்டறையில் உரக்கப் படித்தேன். தொண்ணூற்றாறு என்றதும் ஒருவரும் கைதட்டவில்லை; நண்பன் என்பதால் ஏற்றிச் சொல்கிறாய் என்று நினைத்திருப்பார்கள். கடைசிப் பெட்டி பாதிதான் என்று படித்த பிறகு தினோ நாற்காலியில் சாய்ந்தார். “அப்ப மத்தது நெசந்தான் டாக்டரம்மா” என்றார். பிறகுதான் கைதட்டினார்கள்.

ஜனவரியில் நானும் தினோவும் வருகிறோம். அந்த ஒன்றை நாங்களே கழற்றிக்கொள்கிறோம். மற்றவற்றில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று உங்கள் ஆட்களிடம் சொல்லி வை.

அன்புடன்,
லொரெதானா