ஒரு கை பார்த்தவள்

மார்ச் 4

அன்புத் தவளைக்கு,

நலம்தானே? நாலு வருஷமாக ஒரு வரி எழுதாதவளுக்கு என்ன திடீர்ப் பாசம் என்று நீ முணுமுணுப்பது கேட்கிறது. வேலைதான் காரணம். பயிற்சி மையத்தில், நம் தவளை நீச்சலான பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் முதல் வரிசை ஆட்கள் எட்டுப் பேரின் வீடியோக்களை அருகருகே ஓடவிட்டு ஒப்பிடுகிறேன். நம் கடைசிப் பந்தயமும் அதில் இருக்கிறது. முதல் ஐம்பது மீட்டருக்கு உனக்குப் பதினெட்டுக் கைவீச்சு, எனக்கு இருபத்திரண்டு! உன் முழங்கால் அகலவே இல்லை. உதைத்ததும் நீட்டிப் படுத்துவிடுகிறாய், தண்ணீரே உன்னைக் கொண்டுபோகிறது. நான் அவசரக்குடுக்கை, அதற்குள் தலையைத் தூக்கிவிடுகிறேன். உன் வீடியோவை மாணவிகளுக்குக் காட்டலாமா?

உன்
வாத்து

மார்ச் 15

அடி வாத்து,

தாராளமாகக் காட்டு. பொதுக் குளத்தில் வாண்டுகளுக்கு மூச்சடக்கச் சொல்லித் தருகிறவள் நான். என் முழங்காலைப் புகழ்ந்தால் கசக்குமா?

ஒரே ஒரு குறை. வீச்சு, உதை, தலை எல்லாம் எழுதினாய். சுவரைத் தொட்டுத் திரும்பும் இடத்தை மட்டும் ஏன் விட்டுவிட்டாய்? கடைசியில் விரலளவு முந்தி, மாநில அணியில் இருந்த ஒரே இடத்தைப் பிடித்தவள் ஆயிற்றே நீ.

தவளை

மார்ச் 22

தவளை,

கேட்டுவிட்டாய். சுவரை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் தொடவேண்டும், இல்லையென்றால் நீந்தியது செல்லாது. அன்று திரும்பும்போது என் வலது கை மட்டும்தான் தொட்டது. நடுவர் கவனிக்கவில்லை.

வீடியோவைப் பார்த்துத்தான் தெரிந்தது என்று எழுதி, கிழித்துப்போட்டேன். பொய். அன்றைக்கே தெரியும். "இன்னிக்கு ஒரு கை பாத்துடறேன்டி"ன்னு உன்னிடம் சவால் விட்டேனே, அப்படியே செய்தேன். கரையேறியதும் நீ கட்டிப்பிடித்தாய். அப்போதும் வாய் திறக்கவில்லை. நினைத்தால் கூசுகிறது.

நீச்சல் சங்கத்துக்கு வீடியோவோடு எழுதிவிட்டேன். பதக்கத்தையும் அனுப்பிவிட்டேன். உன் இடத்தை எப்படித் திருப்பித் தருவேன்?

வாத்து

ஏப்ரல் 2

வாத்து,

தர முடியாது. அதை விடு.

நீ திரும்பும்போது பக்கத்து லேனில் ஒரு முழம் பின்னால் வந்தவள் நான். உன் கையைத் தண்ணீருக்குள் பார்த்தேன். "தோத்த வயித்தெரிச்சல்ல பேசறா"ன்னு சொல்வார்களே என்று சும்மா இருந்தேன். நீயே சொல்வாய் என்று உடை மாற்றும் அறையில் தலை காய்ந்த பிறகும் துவட்டிக்கொண்டே நின்றேன். கோபம் இன்னும் போகவில்லை.

வீடியோவைக் காட்டு. உன் வலது கையையும் சேர்த்துக் காட்டு. அது யார் கை என்று சொல்லு.

அன்றைக்குக் கட்டிப்பிடித்தது வாழ்த்துவதற்கு இல்லைடி. என் காதிலாவது சொல்லிவிடுவாய் என்றுதான்.

தவளை